மஞ்சள் பொம்மையும் புயல் கூண்டும்

கேள்வி: ஐயா, எங்களுக்குப் பாம்பன். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மூத்தவனுக்கு 24 வயது. டிப்ளமோ முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி சாப்பிட்டு முடித்துச் சுவரில் சாய்ந்தால் போதும், சின்ன வயதில் பார்த்த பொம்மைப் படங்களையே நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான். அதை வெட்டி எடுத்து, மேலே நாலு வார்த்தை எழுதி மீம்ஸ் போடுகிறான். பூனை, எலி, அரை டவுசர் போட்ட ஒரு மஞ்சள் சதுரப் பொம்மை, இவைதான் எப்போதும். போன மீன்பிடித் தடைக்காலத்தில் (61 நாள்) டாம் பூனை சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிற படத்துக்கு ‘தடைக்காலத்தில் அப்பா’ என்றும், அதே பூனை தலைதெறிக்க ஓடுகிற படத்துக்கு ‘62ஆம் நாள் அப்பா’ என்றும் எழுதி, சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பிலேயே போட்டுவிட்டான். ‘பெத்த அப்பனைப் பூனையாக்கிட்டான்’ என்று அவன் பெரியப்பா கோபப்பட்டு குரூப்பை விட்டே வெளியேறிவிட்டார். பெண் பார்க்கிற நேரம் வேறு. பெண் வீட்டார் இவன் ஸ்டேட்டஸைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இந்த வயதிலும் பொம்மைப் படம் என்றால் மூளை வளரவில்லை என்று அர்த்தமா? யாரிடமாவது காட்ட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். யாரிடமும் காட்ட வேண்டாம். ஒழுங்காக வேலைக்குப் போகிறான், சாப்பிடுகிறான், கூட நாலு சிநேகிதர்கள் இருக்கிறார்கள். இதில் வியாதி எங்கே இருக்கிறது? தூக்கம் கெட்டு, பேச்சுக் குறைந்து, வேலைக்கு மட்டம் போட ஆரம்பித்தால் அப்போது டாக்டரைப் பார்க்கலாம். அப்போதும் காரணம் பொம்மைப் படமாக இருக்காது.

இந்தக் கடிதத்தை ஆசிரியர் என்னிடம் தள்ளிவிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் 17 வருடம் சென்னையில் அனிமேஷன் ஸ்டுடியோக்களில் படம் போட்டுப் பிழைத்தவன். வெளிநாட்டுச் சேனல்களுக்குப் போகிற கார்ட்டூன்களில் நடுவில் வரும் படங்களை வரைவது என் வேலை. இப்போது மண்டபம் பக்கம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். உங்கள் மகன் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறானே, அந்த மாதிரிப் படங்களை உட்கார்ந்து வரைகிற கூட்டத்தில் நானும் ஒருவன். அதனால் இதில் கொஞ்சம் சொந்தப் பாசமும் எனக்கு உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பாம்பன்காரரான உங்களுக்குப் புயல் கூண்டை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். துறைமுகக் கம்பத்தில் கூண்டு ஏறுகிறது. கூம்பு ஒன்று, உருளை ஒன்று, எது மேலே எது கீழே, கூம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது, அவ்வளவுதான் சேதி. 1 முதல் 11 வரை எண்கள். படகில் இருக்கிறவர் படித்தவரா, அவர் என்ன பாஷை பேசுகிறவர் என்பதெல்லாம் கம்பத்துக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். தூரத்திலிருந்து, மங்கலான வெளிச்சத்தில், ஒரே பார்வையில் புரிய வேண்டும். அதற்காகவே அந்த உருவங்களை அவ்வளவு எளிமையாக வைத்திருக்கிறார்கள்.

கார்ட்டூன் முகமும் இந்தக் கணக்கில் வரைவதுதான். எங்களுக்கு வேலை பழக்கும்போது முதலில் வைக்கும் சோதனை ஒன்று உண்டு. வரைந்த உருவத்தை முழுக்கக் கறுப்பு மையால் நிரப்பச் சொல்வார்கள். கண் இல்லை, வாய் இல்லை, வெறும் நிழல். அதைப் பார்த்தே ‘இவன் பயந்திருக்கிறான்’ என்று சொல்ல முடிந்தால் படம் தேறும். முடியாவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரைய வேண்டியதுதான். நான் கிழித்ததை எல்லாம் சேர்த்துவைத்திருந்தால் ஒரு கடைக்குப் பொட்டலம் மடிக்கக் காகிதம் கிடைத்திருக்கும்.

மனிதர் முகம் அப்படி இல்லை. நடிகர் ஒருவர் அழும்போதுகூட அதில் கோபமும் வெட்கமும் கலந்திருக்கும். கார்ட்டூனில் ஒரு படத்துக்கு ஓர் உணர்ச்சி. பின்னணியும் பெரும்பாலும் வெறும் சுவர், வெறும் வானம். அதனால் எழுத இடம் நிறையக் கிடைக்கிறது. ஒரு படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்ததற்குத் தள்ளிப் போக இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு விநாடி ஆகிறது. அந்த ஒரு விநாடிக்குள் தன் சேதியைச் சொல்லி முடிக்கிற முகம் கார்ட்டூன் முகம்தான். டாமும் ஜெர்ரியும் இதில் உச்சம். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940இல் தொடங்கியது. கிட்டத்தட்டப் பேச்சே கிடையாது. பாம்பனில் இருக்கிற பிள்ளைக்கும் பாரிஸில் இருக்கிற பிள்ளைக்கும் டப்பிங் இல்லாமலே புரிந்தது.

ஹன்னாவும் பார்பெராவும் பிற்பாடு தொலைக்காட்சிக்கு வந்தபோது கையில் காசு குறைவு. படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். உடம்பு அப்படியே நிற்கும், தலை மட்டும் ஆடும், இல்லாவிட்டால் வாய் மட்டும் அசையும். அவர்கள் அப்போது உண்டாக்கிய யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? தலையைத் தனியாகவும் உடம்பைத் தனியாகவும் வரைந்து ஒட்டுவதற்கு அது தையல் மறைப்பு. இந்தச் சிக்கனத்தால் ஒரே முகபாவம் திரையில் நெடுநேரம் நின்றது. மீம் போடுகிறவனுக்கு அது பழுத்துக் கையில் விழுந்த பழம். 1967இல் வந்த ஸ்பைடர்மேன் கார்ட்டூனும் சிக்கனமாக எடுத்ததுதான். அதில் இரண்டு ஸ்பைடர்மேன்கள் ஒருவரையொருவர் விரலால் சுட்டிக்கொண்டு நிற்பார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிற படம். 1914இல் கட்டிய நம் பழைய பாலமும் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றனவே, அந்த இரண்டு தலைகளிலும் பாலங்களை ஒட்டினால் வேறு எழுத்தே வேண்டாம். உங்கள் மகன் இதை ஏற்கெனவே போட்டிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அவன் ஏன் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான் என்பதற்கும் ஒரு தொழில் காரணம் இருக்கிறது. சினிமாவில் விநாடிக்கு 24 ஃப்ரேம். முக்கியமான நிலைகளைப் பெரிய ஓவியர் வரைவார். இடைப்பட்டதை நாங்கள் நிரப்புவோம். ஒரு பூனை சட்டென்று தலையைத் திருப்பினால், நடுவில் வரும் படத்தில் அதன் முகத்தை ரப்பர் மாதிரி இழுத்துவிடுவோம். மூன்று கண், நாலு வாய்கூடப் போடுவோம். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது, வேகம் மட்டும் தெரியும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று நாங்கள் துணிந்து போட்ட கோணல் முகங்கள் அவை. கையில் பாஸ் பட்டன் வந்ததும் எங்கள் குட்டு வெளிப்பட்டுவிட்டது. உங்கள் மகன் தேடுவது அந்தக் குட்டைத்தான். வலையில் வந்த சங்காயத்தை, அதாவது கழிவு மீன் குவியலை, கிளறி நல்ல மீன் பொறுக்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன அந்த மஞ்சள் சதுரப் பொம்மையின் பெயர் ஸ்பாஞ்ச்பாப். அது கடல் பஞ்சு. வலையின் மடியை அவிழ்க்கும்போது உங்கள் வீட்டுக்காரர் படகில் வந்து விழுகிற அதே சாதி. அவனுடைய சிநேகிதன் ஒரு நட்சத்திர மீன். பக்கத்து வீட்டுச் சிடுமூஞ்சி ஆக்டோபஸ், அதாவது நம் பேய்க்கணவாய். முதலாளி காசுக்காக உயிரை விடுகிற நண்டு. (அந்த நண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏலம் எடுக்கிற ஒருவர் ஞாபகம் வருவார். பெயர் வேண்டாம்.) இவர்களை உண்டாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் முதலில் கலிஃபோர்னியாவில் பிள்ளைகளுக்குக் கடல் உயிரியல் சொல்லிக் கொடுத்தவர். ஓதத்தில் நனைந்து காய்கிற கரையோரப் பாறைகளில் எந்தெந்த உயிர் வாழ்கிறது என்று காட்டச் சித்திரக்கதை ஒன்று போட்டார். அதில் ஒரு பஞ்சுப் பாத்திரமும் இருந்தது. அப்புறம் அனிமேஷன் படித்து, 1999இல் ஸ்பாஞ்ச்பாப் தொடர் வந்தது. 2018இல் இறந்துபோனார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி அவர் வரைந்த சாதி சனம் முழுக்க நிஜமாகவே குடியிருக்கிறது, டவுசர் மட்டும் இல்லாமல். நம் கரைப் பிள்ளை அந்தப் பொம்மையைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

சரி, முகம் நன்றாக இருக்கிறது என்பது பாதிக் காரணம். ஏன் சின்ன வயதில் பார்த்ததையே தேடுகிறார்கள்?

மீம் சிரிப்பைத் தர வேண்டுமானால் அனுப்புகிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் அந்த முகம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ‘இவன் எப்போதும் அடி வாங்குகிற ஆள்’, ‘இவன் திருடன்’ என்று விளக்கிக்கொண்டிருந்தால் சிரிப்பு செத்துவிடும். விளக்கமே வேண்டாத அளவுக்கு ஒரு தலைமுறை முழுக்க ஒன்றாக, திரும்பத் திரும்பப் பார்த்தது எது? உங்கள் வீட்டுக் கதையையே எடுத்துப் பாருங்கள். 2006இல் தொடங்கி அரசாங்கம் இலவச வண்ண டிவி கொடுத்தது. 2007இல் சுட்டி டிவி வந்தது. அப்போது உங்கள் மகனுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டுப் பையை வீசிவிட்டு உட்கார்ந்தால், தமிழ் பேசுகிற ஜாக்கி சான், தமிழ் பேசுகிற டோரா. பாம்பனில் அவன் பார்த்ததைத்தான் கீழக்கரையில் ஒரு பையனும் தொண்டியில் ஒரு பெண்ணும் பார்த்தார்கள். ஒரு அத்தியாயத்தை எத்தனை முறை போட்டார்கள் என்று கணக்கே இல்லை. பிள்ளைகளுக்கு மனப்பாடம். 2011க்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பதினைந்து வயதில் அவன் கையில் இணையம், அவன் தலைக்குள் ஏற்கெனவே ஆயிரம் முகம். மீம் வராமல் வேறு என்ன வரும்?

வெளிநாட்டிலும் கணக்கு இப்படித்தான். ஆர்தர் என்று ஓர் அமெரிக்கத் தொடர். தங்கை தன் பொம்மை விமானத்தை உடைத்துவிட்டாள் என்று அந்தப் பையன் விரலை மடக்கி முஷ்டி பிடிப்பான். அத்தியாயம் வந்தது 1999இல், அந்த முஷ்டி மீம் ஆனது 2016இல். போக்கிமான் தொடர் 1997இல் தொடங்கியது, பிக்காச்சு வாய் பிளந்து திகைக்கிற படம் 2018இல் ஓடியது. தரையில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் வளர்ந்து, வேலை, வாடகை, காதல் தோல்வி என்று அகப்பட்டுக்கொண்ட பிறகுதான் அந்த முகங்களுக்கு வேலை வருகிறது.

டோராவில் ஒரு குள்ளநரி வரும். அது எதையாவது தூக்க வரும்போது ‘குள்ளநரி திருடக் கூடாது’ என்று மூன்று முறை சொல்ல வேண்டும். என் அக்கா மகனுக்கு இப்போது 23 வயது. போன மாதம் சாப்பிடும்போது அவன் தட்டிலிருந்த வறுத்த மீனை அவன் தம்பி எடுக்கக் கை நீட்டினான். இவன் தலையை நிமிர்த்தாமலே ‘குள்ளநரி திருடக் கூடாது’ என்றான். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் அந்தப் பிள்ளைகள் பேசுகிற ஒரு பாஷை எங்களுக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உங்களுக்கும் ஒரு பாஷை உண்டு. வடிவேலு. அவர் கீழுதட்டைப் பிதுக்கினாலே நீங்கள் சிரித்துவிடுவீர்கள், உங்கள் மகனும் சிரிப்பான். அவரை நான் கார்ட்டூன் கணக்கில்தான் சேர்ப்பேன். கறுப்பு மை நிரப்புகிற சோதனையை அவருடைய எந்தக் காட்சிக்கு வைத்தாலும் தேறும். முதுகு வளைகிற விதமே சேதி சொல்லிவிடும். 2001இல் வந்த ஒரு படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த காண்ட்ராக்டர் நேசமணிக்காக 2019 மே மாதம் ட்விட்டரில் உலக அளவில் பிரார்த்தனை நடந்ததே, ஞாபகம் இருக்கும். வடிவேலு வீட்டில் எல்லோருக்கும் பொது. கார்ட்டூன் அந்த வயதுக்காரர்களுக்கு மட்டும் சொந்தம். பெரியவர்களுக்குப் புரியாது என்பதும் அதன் ருசியில் சேர்த்தி.

ஒரு சின்னக் கிளைக்கதை சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தது. அந்த மஞ்சள் பஞ்சு கோழி மாதிரிக் குனிந்து பழிப்புக் காட்டுகிற படம் ஒன்று உண்டு. 2012இல் வந்த அத்தியாயம், மீம் ஆனது 2017இல். அதில் எதிராளி சொன்ன வாக்கியத்தையே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக மாற்றி மாற்றி எழுதுவார்கள். படிக்கும்போதே கிண்டல் ராகம் கேட்கும். தமிழில் பெரிய எழுத்து ஏது? நம் பிள்ளைகள் ‘நீஈஈ நல்லாஆஆ படிச்சிருந்தாஆஆ’ என்று இழுத்து எழுதினார்கள். தமிழ் வாத்தியார் அளபெடை நடத்தும்போது தூங்கின பையன்கள்தான்.

இப்போது அந்தப் பூனைக்கு வருகிறேன்.

பெரியப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுக்காரர் யாரும் அந்த 61 நாளும் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பதில்லை. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறார், பெயின்ட் அடிக்கிறார், இன்ஜினைப் பிரித்துப் போடுகிறார், வலையைச் சரிசெய்கிறார், இதற்கெல்லாம் கடன் வாங்குகிறார். சிநேகிதர்கள் குரூப்பில் போட்டிருந்தால் அது அப்பாவைப் பற்றிய ஒரு செல்லக் கிண்டல். மாமன் மச்சான் எல்லோரும் இருக்கிற இடத்தில் போட்டதால் தம்பிக்கு அவமானம் என்று அண்ணனுக்குப் பட்டிருக்கிறது. மீம் போடுகிறவன் முகத்தை நன்றாகத் தேர்ந்தெடுத்தான், சபையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவனைப் பெரியப்பா வீட்டுக்கு நேரில் போகச் சொல்லுங்கள். குரூப்பில் மன்னிப்பு எழுத வேண்டாம். அதற்கும் ஏதாவது பூனையை ஒட்டிவிடுவான்.

ஆனால் இரண்டாவது படத்தை மறுபடி ஒரு தடவை பாருங்கள். 62ஆம் நாள், தலைதெறிக்க ஓடுகிற பூனை. ஐஸ், டீசல், கடலுக்குப் போக டோக்கன் என்று அப்பா பறந்துகொண்டிருந்ததை அந்தப் பையன் கவனித்திருக்கிறான். ‘அப்பா பாவம்’ என்று 24 வயது ஆண்பிள்ளை வாயைத் திறந்து சொல்ல மாட்டான். நம் பக்கம் வழக்கமில்லை. பூனையை முன்னால் நிறுத்தினால் சொல்லிவிடலாம். நடிகர் முகத்தைப் போட்டால்கூட அந்த நடிகர் நடுவில் வந்து நிற்பார். பொம்மை முகத்துக்கு ஊர் இல்லை, சாதி இல்லை, வயது இல்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம்.

இதை நான் எப்படிச் சொல்கிறேன் என்றால், எங்கள் மேசையில் எல்லோருக்கும் ஒரு கண்ணாடி இருக்கும். நாய் அசடு வழிய வேண்டும் என்றால் கண்ணாடியைப் பார்த்து நாங்கள் அசடு வழிந்து, அதைப் பார்த்து வரைவோம். ஒரு முறை ஊருக்கு வந்தபோது நான் வேலை பார்த்த அத்தியாயம் ஒன்றை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். 22 நிமிடத்தில் என் கை பட்டது 11 விநாடி. கடைசியில் ஓடிய பெயர்ப் பட்டியலில் என் பெயர்கூட இல்லை. ஒரு நாய் கதவைத் திறந்துவிட்டு, தப்பு செய்த மாதிரித் திரும்பிப் பார்க்கும். அம்மா உடனே, ‘இதென்னடா, உங்க அப்பா லேட்டா வந்துட்டு முழிக்கிற மாதிரியே முழிக்குது?’ என்றார். எனக்கு அப்பா ஜாடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ‘திரும்பப் போடு’ என்றார்.

பெண் வீட்டார் விஷயம் சின்னது. ஸ்டேட்டஸை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று வைக்க வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது. செல்போன் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் என்னைக் கேட்டால் மறைக்க வேண்டாம். அந்தப் பெண்ணும் 2007இல் அதே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவளாகத்தான் இருப்பாள்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. பெரியப்பா கோபப்பட்டார், நீங்கள் பயந்தீர்கள். அந்தப் பூனைப் படத்தைப் பார்த்து உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தார்? சிரித்தாரா?